தெல்லிப்பழைக்கு ஒரு பயணம்

பரந்தன் சந்தியில் காலை ஆறரைக்கு யாழ்ப்பாண பஸ் ஏறினோம். என்னோடு வந்தவர் எங்கள் மாதர் சங்கத்துச் சகோதரி. இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் மேசன் வேலை. அவருடைய குடிக்காகத்தான் இந்தப் பயணம், ஆனால் அவர் வரவில்லை. கிளிநொச்சி வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறதே என்று கேட்டேன். "அங்கை போனா எங்கட ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்சிடும் அக்கா" என்றார்.

ஆனையிறவு வந்ததும் இரண்டு பக்கமும் நீரேரி விரிந்தது. உப்புக் காற்று முகத்தில் அடிக்க, அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினார். 2009 இல் மாத்தளனில் தம்பியைக் கண்முன்னே பறிகொடுத்தவராம் கணவர். முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின், நித்திரை வரவேண்டும் என்று இரவில் கொஞ்சம் கள்ளு. பிறகு சாராயம், கையில் காசில்லாத நாளில் கசிப்பு. போன வருடம் கோயிலில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். சத்தியம் பதினொரு நாள் நின்றது.

யாழ்ப்பாணத்தில் இறங்கி காங்கேசன்துறை பஸ்ஸில் ஏறினோம். கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வன்னி வெளிகளில் பழகிய கண்ணுக்கு இந்த நெருக்கம் எப்போதும் புதுமைதான். தெல்லிப்பழை என்றால் பலருக்குத் துர்க்கை அம்மன் கோயில் நினைவுக்கு வரும். மனநல விடுதி நினைவுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். அங்கொடை, மந்திகை என்ற பெயர்களுக்கும் அதே சிரிப்புத்தான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எத்தனையோ பேர் வருத்தத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆதார வைத்தியசாலையில் துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் இருந்தோம். எங்களைப் போலவே ஆம்பிளைகள் இல்லாமல் வந்திருந்த பெண்கள் இன்னும் சிலர். முன்னால் இருந்த அம்மா ஒருவர் பனங்கட்டித் துண்டொன்றை எங்களிடம் நீட்டினார். அவருக்கு மகனுடைய பிரச்சினை.

வைத்தியர் இளவயதுக்காரர். எவ்வளவு குடிக்கிறார் என்று முதலில் கேட்கவில்லை.

"ஒரு நாளிலை முதல் எப்ப குடிக்கிறார், அம்மா?"

"கண் முழிச்ச உடனை, டொக்டர்."

"குடிக்காட்டி?"

"கை நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கேலாது. வேர்க்கும், சத்தி எடுப்பார்."

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். காலை நடுக்கம், முந்தி ஒரு கால் போத்தலுக்கு வந்த வெறிக்கு இப்போது அரைப் போத்தல் வேண்டியிருப்பது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, வேலையும் பிள்ளைகளும் பின்னுக்குப் போவது, இவையெல்லாம் சேர்ந்தால் அது கெட்ட பழக்கம் மட்டுமல்ல, உடம்பும் மூளையும் மதுவில் தங்கிவிட்ட நோய் என்றார்.

அப்போதுதான் சகோதரி தன் திட்டத்தைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அண்ணன்மார் வந்து, கணவரை மூன்று நாள் அறையில் பூட்டி வைக்கப் போகிறார்களாம்.

"வேண்டாம் அம்மா. அது உயிருக்கு ஆபத்து."

இதை நம்மில் பலர் அறிவதில்லை. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சிகளைக் காண்பதும், இடம் நேரம் தெரியாமல் பிதற்றுவதும், காய்ச்சலும் வரலாம். அப்படி வந்தால் விடியட்டும் என்று பார்த்திராமல் கிட்டவுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே வெட்கப்படாமல், எவ்வளவு குடிப்பவர், எப்போது நிறுத்தினார் என்று சொல்ல வேண்டும். விடுதியில் வைத்து நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுக்கவும் மருந்து கொடுத்து, நாளுக்கு நாள் அதைக் குறைப்பார்கள். விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். அதன் பின்னர்தான் உளவளத்துணை. தம்பியின் இழப்பையும் நித்திரையின்மையையும் அங்கேதான் பேசலாம். மது நித்திரையைக் கொண்டுவருவது போலக் காட்டி, நடுச்சாமத்தில் குலைத்துவிடும் என்றும் வைத்தியர் சொன்னார்.

சகோதரியின் கைப்பையில் இன்னொன்றும் இருந்தது: விளம்பரம் பார்த்து வாங்கிய தூள், தேத்தண்ணியில் தெரியாமல் கலக்க. வைத்தியர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். குடித்தால் ஒத்துக்கொள்ளாத மாத்திரை உண்டுதான், ஆனால் நோயாளி அறிந்து சம்மதித்தால் மட்டுமே கொடுப்பார்கள். தெரியாமல் கொடுத்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

"அடிக்கிறவரோ?" என்று கடைசியாகக் கேட்டார். சகோதரி நிலத்தைப் பார்த்தார். குடி நோய்தான், ஆனால் அடி வாங்குவது அதற்கான மருந்தல்ல என்று சொல்லி, பெண்களுக்கான 1938 இலக்கத்தையும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தார். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 முதல் இருக்கிறது என்பதை நான் பஸ்ஸில் எடுத்துச் சொன்னேன்.

கடிதம் கிளிநொச்சிக்கே எழுதப்பட்டது. மாதாமாதம் போய்வர அதுதானே கிட்ட. ஒழுங்கைக்காரருக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று திரும்பும் வழியில் சகோதரியே சொல்லிவிட்டார்.

வெறி குறைந்திருந்த ஒரு பின்னேரம், சண்டை பிடிக்காமல், அந்தக் கடிதத்தைக் கணவரிடமே கொடுத்தாராம். அவர் வாசித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். மூன்றாம் கிழமை தானாகவே, "வயித்து நோவும் கிடக்கு, ஒருக்கா காட்டுவம்" என்றார். விடுதியில் நின்று வந்தபின், இரண்டாம் மாதம் கலியாண வீடொன்றில் மறுபடி குடித்தார். இம்முறை வீட்டில் யாரும் சத்தியம் கேட்கவில்லை. மறுநாளே கிளினிக்குக்குப் போனார்கள்.

இப்போது ஏழாவது மாதம். அடுத்த கிளினிக் திகதிக்குத் தனியாகவே போய்வருவேன் என்கிறாராம் கணவர். சகோதரி தலையாட்டியிருக்கிறார். ஆனால் அடுத்த பஸ்ஸில் தானும் போகத்தான் போகிறாராம்.