வரவு என்பது எந்தக் காலம்?

ஏப்ரல் நெருங்கினால் கோலார் தங்கவயலில் லைன்தோறும் ரசீதுப் புத்தகம் கைமாறும். அம்பேத்கர் பிறந்தநாள் எங்களுக்கு ஊர்த்திருவிழா. நான் மொழியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த ஆண்டு, எங்கள் லைன் இளைஞர் மன்றத்தின் பொருளாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. “படிச்ச பிள்ளை, கணக்கு சுத்தமா இருக்கும்” என்பதே நான் பெற்றிருந்த தகுதி.

விழா முடிந்த மறுநாள் நோட்டைக் கூட்டினேன். வரவு 86,400 ரூபாய், செலவு 81,950. கையிருப்பு 4,450 இருக்க வேண்டும். பெட்டியிலோ ஒரு ரூபாயும் இல்லை. பந்தல்காரருக்கும் மைக் செட்காரருக்குமாக 7,050 ரூபாய் பாக்கி வேறு. இரவெல்லாம் கூட்டிக் கழித்த பிறகே புரிந்தது. பணத்தை யாரும் எடுக்கவில்லை. “எழுதிக்கோ, தர்றேன்” என்றவர்களின் 11,500 ரூபாயையும் நான் வரவில் சேர்த்திருந்தேன்.

தொழிற்பெயர் காலம் காட்டாது என்பது பள்ளியில் படித்த இலக்கணம். வந்தது, வருவது என்றால் காலம் தெரியும். வரவு என்றால் தெரியாது. செலவும் அப்படியே. கொடுத்ததையும் கொடுக்க வேண்டியதையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு, மீதியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

சுரங்கம் ஓடிய காலத்தில் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது என்பார் என் தாத்தா. சம்பள நாளன்று மாலையே வசூல் முடிந்துவிடுமாம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று எங்கள் லைனில் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் சம்பளம் ஒவ்வொரு நாள்; சிலருக்கு வேலையே நிச்சயமில்லை. வாக்கு முதலில் வருகிறது, பணம் பின்னால் வருகிறது.

கணக்குக் கூட்டத்துக்கு முன், உதவித்தொகைப் பணத்தைப் போட்டுப் பாக்கியை அடைத்துவிட நினைத்தேன். சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தடுத்தார். “உன் காசைப் போட்டா கணக்கு சரியாயிடும் தம்பி, தப்பு தெரியாமப் போயிடும். அடுத்த வருசமும் இதேதான் நடக்கும். கீழ இறங்கினவங்க எத்தனை பேரு, மேல வந்தவங்க எத்தனை பேருன்னு நாங்க தனித்தனியா எண்ணுவோம். வந்துடுவாங்கன்னு நம்பி யாரையும் வந்ததா எழுத மாட்டோம்.”

கூட்டத்தில் உள்ளபடி சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். இருவர் என்னைச் சந்தேகத்தோடு கேட்டார்கள். ரசீது அடிக்கட்டைகளை எடுத்து நோட்டோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே அமைதியானார்கள்.

அடுத்த சிக்கல், கணக்கைச் சுவரில் ஒட்டுவது. வாக்களித்துத் தராதவர்களின் பெயரையும் எழுத வேண்டும் என்றார்கள் இளைஞர்கள். அவர்களில் ஒருவருக்கு அந்த மாதம்தான் வேலை போயிருந்தது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், சுவரில் நிலுவையின் மொத்தத் தொகை மட்டும் இருக்கட்டும், பெயர்கள் நோட்டோடு நிற்கட்டும் என்று முடிவானது. கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். அதற்காக ஒருவர் தலைகுனிய வேண்டியதில்லை.

அந்த ஆண்டிலிருந்து எங்கள் நோட்டில் வரவுக்கு மூன்று பத்திகள்: சொன்னது, வந்தது, நிலுவை. செலவுக்கும் மூன்று: பேசியது, கொடுத்தது, பாக்கி. வந்த தொகையை வைத்தே பந்தலின் அளவு தீர்மானமாகிறது. ரசீது தராத சிறுசெலவுகளுக்கு இருவர் கையெழுத்து.

பாக்கி ஜூலைக்குள் அடைந்தது. வேலை இழந்தவர் தாம் சொன்ன 500 ரூபாயை மறு ஆண்டு கொண்டுவந்தார். பழைய நோட்டைத் தேடியெடுத்து, ‘வந்தது’ என்ற பத்தியில் தேதியுடன் எழுதி, அவரிடமே காட்டினேன்.