சேலம் – புதுச்சேரி: வானத்தில் எவ்வளவு தூரம்?

போன மாதம் அம்மாவைப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சேலத்தில் வேலை பார்க்கும் அண்ணன், "ரெண்டு ஊர்லயும் ஏர்போர்ட் இருக்கேடா, பிளேன்ல வந்தா எவ்ளோ நேரம்?" என்று போனில் கேட்டான்.

வரைபடத்தில் கோடு போட்டேன். சுமார் 190 கிலோமீட்டர். கோடு எங்கள் வடக்கனந்தல் பக்கமாகவே போனது! மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு 23 நிமிடம். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம்.

ஆனால் நேரடி விமானம் கிடையாது. சின்ன ஊர் விமானமெல்லாம் பெரிய ஊருக்குத்தான். 2018-ல் உடான் திட்டத்தில் சேலத்துக்கு வந்த விமானமும் சென்னைக்குத்தான் போனது.

அண்ணன் ராத்திரி பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சி வழியாக விடியற்காலையில் வந்து சேர்ந்தான். அம்மா கண் திறந்து கேட்ட முதல் கேள்வி: "வர்ற வழியில வீட்டை எட்டிப் பாத்தியா?"

விமானத்தில் வந்திருந்தால் மேலேயிருந்தே பார்த்திருப்பான்!