முகமில்லாத ஆயா

டாம் அண்ட் ஜெர்ரியில் பூனை பேசாது, எலி பேசாது. ஆரம்பகாலப் படங்களை எடுத்துப் பார்த்தால் வாயைத் திறந்து நிறையப் பேசுகிற ஆள் ஒரே ஒருத்திதான். அவளுக்கு முகம் கிடையாது. கறுப்புக் கால், தொளதொளத்த காலுறை, தேய்ந்த செருப்பு, பாவாடை, கையில் துடைப்பக்கட்டை. கழுத்துக்கு மேலே படம் போகாது. வீட்டைக் கூட்டுகிறவள், பாத்திரம் அடுக்குகிறவள், பூனையைத் திட்டுகிறவள். ஸ்டூடியோக்காரர்கள் அவளுக்கு வைத்த பேர் மாமி டூ ஷூஸ். இந்த மாமி நம்ம மயிலாப்பூர் மாமி இல்லை. வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கறுப்பு வேலைக்காரியை அந்தப் பிள்ளைகள் கூப்பிட்ட சொல்.

எங்க எர்ணாவூர்ல பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவுகிற அம்மாவையும் ஆயான்னுதான் கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் பீத்துணி மாத்துகிறவளும் ஆயாதான். பெத்தவளைப் பெத்தவளுக்கும், கூலிக்குக் கூட்டுகிறவளுக்கும் ஒரே சொல். பாசமும் அடிமைத்தனமும் ஒரே குடிசையில் குடியிருக்கிற சொல். அமெரிக்காக்காரன் சொல்லும் அப்படிப்பட்டதுதான்.

முதல் படம் 1940 பிப்ரவரி 10-ஆம் தேதி வந்தது. பேர் ‘புஸ் கெட்ஸ் தி பூட்’. எம்.ஜி.எம். கம்பெனிக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் செய்தது. பூனைக்கு அதில் டாம் என்ற பேர் கூட இல்லை, ஜாஸ்பர். கதை சின்னது. ஓடுகிற ஓட்டத்தில் பூனை பூந்தொட்டியை உடைத்துவிடுகிறது. இன்னும் ஒண்ணு உடைஞ்சா நீ வெளியே என்று அவள் எச்சரிக்கிறாள். இது எலிக்குப் புரிந்துவிடுகிறது. கண்ணாடிக் கோப்பையை மேஜை விளிம்புக்குக் கொண்டுபோய், போடட்டுமா என்று பூனையை மிரட்டுகிறது. கடைசியில் தட்டெல்லாம் உடைகிறது, பூனை வெளியே போகிறது. அந்த வேலைக்காரிக்குக் குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப் என்கிற கறுப்பு நடிகை. டைட்டிலில் அவர் பேர் போடவில்லை. முகமும் இல்லை, பேரும் இல்லை.

அதே மாதம் 29-ஆம் தேதி ஆஸ்கார் விழா. ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் மாமி வேஷம் போட்ட ஹாட்டி மெக்டேனியலுக்கு விருது கொடுத்தார்கள். ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான். விழா நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டலில் அவரைத் தனி மேஜையில் உட்கார வைத்தார்கள். தனி டம்ளர் தெரிஞ்ச நமக்கு யாரும் தனி மேஜையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கம்மா திருவொற்றியூர்ல நாலு வீட்டுல வேலை செஞ்சுது. பத்துப் பாத்திரம் தேய்க்கிறது, துணி துவைக்கிறது, வீடு பெருக்கித் துடைக்கிறது. இந்தியாவுக்கு 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்துச்சு. அதுக்கு ரெண்டொரு வருஷம் கழிச்சு, லீவு நாள்ல நானும் அம்மா கூடப் போவேன். பின்வாசல் வழியாத்தான். உள்ள வரக் கூடாதுன்னு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. சொல்லாமலே தெரியும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல உட்கார்ந்தா, அடுப்படிக் கதவும் கூடத்துக் கதவும் திறந்திருக்கிற நேரத்துல டிவி பாதி தெரியும். பாதிப் பூனை, பாதி எலி. இங்கிலீஷ் ஒரு எழுத்தும் புரியாது. இதுக்கு இங்கிலீஷ் தேவையில்லை. அந்தக் கறுப்பம்மா போடுற சத்தம் மட்டும் நல்லாப் புரியும். எங்க தெருக் குழாயடியில கேக்குற சத்தம்தான்.

அந்த வீட்டுக்காரம்மா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பாங்க. மெட்டி போட்ட காலு, நைட்டி ஓரம். இன்னைக்கு யோசிச்சா அவங்க மூஞ்சி எனக்கு ஞாபகம் வரல. காலும் குரலும் மட்டும் ஞாபகம் இருக்கு. தரையில் உட்கார வைக்கப்பட்டவனுக்கு மேலே நடக்கிறவள் முகம் தெரியாமல் போவது ஒரு வகை. டாம் அண்ட் ஜெர்ரியில் நடப்பது இதற்குத் தலைகீழ். அங்கே வேலை செய்கிறவள் நிமிர்ந்துதான் நிற்கிறாள். நம்மைப் பூனையின் உயரத்துக்குக் கீழே இறக்கி உட்கார வைத்து, அங்கிருந்து அவளைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் நான் மறுபடி எடுத்துப் பார்த்ததற்குக் காரணம் எங்கண்ணன் பொண்ணு. ரெண்டாங்கிளாஸ் படிக்குது. செல்போன்ல பழைய டாம் அண்ட் ஜெர்ரி ஓடவிட்டு ஆயா மடியில சாஞ்சிக்கினு பார்க்கும். அம்மாவுக்கு இப்ப மூட்டு வலி, வேலைக்குப் போறதில்ல. ஒருநாள் தட்டு அடுக்கு மொத்தமும் சரிஞ்சு உடையுது. பாப்பா விழுந்து விழுந்து சிரிக்குது. அம்மா சிரிக்கல.

"இத்தயெல்லாம் யாரு கூட்டி வார்றது?" அப்படின்னுச்சு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இன்னாத்துக்குடி அந்தப் பொம்பள மூஞ்சியக் காட்ட மாட்டேன்றானுங்கோ? நாள் பூரா கூட்டிக்கினே கீறா, பாவம்."

"அது வேலைக்காரி ஆயா. அதான் காட்டல."

"வேலைக்காரின்னா மூஞ்சி இருக்காதா?"

பாப்பாவுக்குப் பதில் தெரியல. அடுத்த படத்துக்குப் போயிடுச்சு. அந்தக் குழந்தைக்குத் தன் ஆயா முகம் நல்லாத் தெரியும். ஆயா முப்பது வருஷம் என்ன வேலை செஞ்சுதுன்னு தெரியாது. வேலைக்காரின்னா காட்ட வேணாம்னு அதுக்கு யாரும் சொல்லித்தரல. ஏழு நிமிஷப் படம் சொல்லிக்கொடுத்திருக்கு. அந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் 1940-லிருந்து 1952 வரைக்கும் அவள் வருகிற படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

அம்மா கேட்ட முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். யார் கூட்டி வாருவது? ஹன்னாவும் பார்பராவும் செய்த படங்கள் 114. அதில் எத்தனை தட்டு, எத்தனை ஜாடி, எத்தனை கண்ணாடி! உடைவது சிரிப்பு. உடைந்ததை அள்ளுவது படத்தில் இல்லை. அடுத்த படத்தில் வீடு பளபளவென்று இருக்கும். இடையில் ஒருத்தி முதுகு வளைந்திருக்கிறாள். எங்கம்மா ஒரு வீட்ல பீங்கான் கப் ஒண்ணு கை தவறிப் போட்டுடுச்சு. அந்த மாசச் சம்பளத்துல ஒரு செட்டு விலையைப் பிடிச்சாங்க. ஒண்ணு உடைஞ்சா செட்டே போச்சாம். "இன்னும் ஒண்ணு உடைஞ்சா நீ வெளியே" என்பது பூனைக்கு மட்டுமான சட்டம் என்று எங்க வீட்ல யாரும் நினைக்க முடியாது.

1948-ல் வந்த ‘மௌஸ் க்ளீனிங்’ என்று ஒரு படம். அவள் வீட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறாள், எலி அழுக்காக்குகிறது, பூனை துடைக்கிறது. முடிவில் வீடு முழுக்க நிலக்கரி வந்து கொட்டுகிறது. கரிக் குவியலில் இருந்து பூனை கறுப்பு முகத்தோடு தலை நீட்டி, கறுப்பர் பேச்சை இழுத்து இழுத்துப் பேசி அவளை ஏமாற்றப் பார்க்கிறது. முகம் கறுத்தால் சிரிப்பு, கறுப்பர் மாதிரிப் பேசினால் சிரிப்பு. வட சென்னைக்காரனுக்குக் கரித்தூள் ஜோக் இல்லை. எங்க பக்கத்து எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடினார்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கக் கூடாது என்று 2011-ல் ஐகோர்ட் சொன்னதும், அந்தக் கரி எங்க எண்ணூர் துறைமுகத்துக்குத்தான் வந்தது. அடுத்தவன் வீட்டுத் தூசியைக் கூட்டிட்டு வந்து, எங்கம்மா எங்க வீட்டுக் கரியைக் கூட்டும். கறுத்த முகத்துக்குச் சிரிக்கச் சொன்னால் எங்க தெருவே சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டியதுதான்.

இப்போது ரெண்டாவது கேள்வி. முகத்தை ஏன் காட்டவில்லை? பூனை, எலி கண்மட்டத்தில் இருந்து பார்க்கிற படம், அதனால்தான் கால் மட்டும் தெரிகிறது என்று விளக்கம் சொல்வார்கள். நியாயம் மாதிரித்தான் தோன்றும். ஆனால் 1952-ல் வந்த ‘புஷ் பட்டன் கிட்டி’யோடு இந்தக் கறுப்பம்மா நின்றுபோகிறாள். பிறகு அந்த வீட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். 1958-ல் வந்த ‘டாட் வாட்சர்ஸ்’ படத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து, டெலிபோனில் அரட்டை அடிக்கிற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முழு முகம் இருக்கிறது. பூனை அதே உயரம்தான். எலி அதே உயரம்தான். வளர்ந்தது எது?

இருந்தும் அந்தப் பழைய படங்களில் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. 1950-ல் வந்த ‘சாட்டர்டே ஈவினிங் புஸ்’. சனிக்கிழமை சாயங்காலம். வேலைக்காரி உடுத்திக்கொண்டு, நகை போட்டுக்கொண்டு, தன் சங்காத்தத்தோடு சீட்டாடப் புறப்படுகிறாள். பூனை மற்றப் பூனைகளைக் கூப்பிட்டு ஜாஸ் பாட்டு போட்டு ஆடுகிறது. தூக்கம் கெட்ட எலி அவளுக்குப் போன் போடுகிறது. அவள் ஓடி வருகிறாள். அந்த ஓட்டத்தில், கண்மூடித் திறக்கிற நேரம், அவள் முகம் தெரிந்து மறைகிறது. பூனைகளை விரட்டிவிட்டு அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? அதே ஜாஸ் இசைத்தட்டைத் தனக்காகப் போட்டுக் கேட்கிறாள். அவளுக்கென்று ஒரு சாயங்காலம், அவளுக்கென்று பாட்டு, சிநேகிதக்காரிகள். எங்கம்மாவுக்கும் ஞாயித்துக்கிழமை மத்தியானத்தில் அப்படி ரெண்டு மணி நேரம் உண்டு. தெருத் திண்ணையில் நாலு பொம்பளைங்களோட உட்கார்ந்து வெத்திலை போட்டுக்கினு, வேலை செய்கிற வீட்டுக்காரிகளை மாதிரியே பேசிக் காட்டும். அம்மா நடிக்கிற நடிப்புக்குத் தெருவே உருளும். வேலைக்காரி பார்த்த வீட்டுக்காரியைப் பற்றிய கார்ட்டூன் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

கறுப்பர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. சங்கம் ஹாலிவுட்டின் இந்த மாதிரி வேஷங்களை எதிர்த்துப் பேசியது. பேசியது சரி. அதற்குச் சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் கவனிக்க வேண்டியது. 1960-களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் கறுப்பம்மாவை அழித்துவிட்டு, அவள் இடத்தில் வெள்ளைக்காரியை வரைந்து, அயர்லாந்துக்காரி உச்சரிப்பில் வேறு குரல் கொடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலப் படமும் தப்பவில்லை. முகம் கொடு என்று கேட்டால் காலையும் பிடுங்கிக்கொண்டான். வேலைக்காரியின் இழிவைத் துடைக்கிறேன் என்று வேலைக்காரியையே துடைத்துவிடுகிற வித்தை இது. நமக்குப் புதிதில்லை. சாதியைப் பேசாதே, சாதி போய்விடும் என்று நம்மிடம் சொல்கிறவர்கள் செய்வதும் இதே வித்தைதான்.

நம்ம வாரப் பத்திரிகைகளில் வேலைக்காரி ஜோக் என்று ஒரு தனி ரகமே இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகின ஒரு முனியம்மா, எதிரே எஜமானி, ‘இன்னாம்மா’ என்று ஆரம்பிக்கிற பேச்சு. எங்க வாய்மொழிதான் ஜோக்கு. சினிமாவிலும் சென்னை பாஷை பேசுகிறவர் வந்தாலே சிரிக்கத் தயாராக வேண்டும். லிலியன் ராண்டால்ஃபைப் பேச வைத்த பேச்சுக்கும் இதற்கும் கடல்தான் நடுவில் இருக்கிறது. நாங்கள் அழுதாலும் அதே பாஷையில்தான் அழுகிறோம் என்பது அந்தச் சிரிப்புக்குத் தெரியாது. 2014-ல் ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வந்தபோது எங்க ஆட்கள் அதை அப்படிக் கொண்டாடியதற்கு, எங்க பேச்சைப் பேசுகிற முகங்கள் அதில் முழுசாகத் தெரிந்ததும் ஒரு காரணம்.

1946-ல் பாபாசாகேப் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதம். நம் நிலையும் அவர்கள் நிலையும் ஒத்திருக்கிறது என்று அதில் சொன்னார். டு போய்ஸ் அன்போடு பதில் போட்டார். 1972-ல் பம்பாயில் தலித் பாந்தர் தொடங்கியபோது அந்தப் பேரே கறுப்பர்களிடமிருந்து வந்தது. ஆகவே அந்தக் கறுப்பம்மாவின் முகத்தைக் கேட்கிற உரிமை எர்ணாவூர்க்காரனுக்கு உண்டு.

வெட்டி எறிவதை நான் கேட்கவில்லை. 2005-ல் இந்தப் படங்களை டிவிடியாகக் கொண்டுவந்தபோது நடிகை ஊப்பி கோல்ட்பர்க் முன்னால் தோன்றிப் பேசினார். வெட்டிவிட்டால் இப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும், அதனால் அப்படியே வைத்திருக்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். சரியான பேச்சு. வைத்திருக்கட்டும். ஆனால் பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். தட்டு உடையும்போது யார் கூட்டி வாருவது என்று கேட்க ஒரு ஆயா வேண்டும். வரையத் தெரிந்த நம் பிள்ளைகள் அந்தத் திண்ணைக் கார்ட்டூனை வரைய வேண்டும். வீட்டுக்காரிகளுக்கும் முகம் கொடுத்தே வரையட்டும். முகத்தை மறைக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-ல் நல வாரியம் வந்தது. 2018-ல் குறைந்தபட்சக் கூலியை அரசு அறிவித்தது. ரெண்டையும் கேள்விப்படாதவர்கள் எங்க தெருவிலேயே இருக்கிறார்கள். காலையில் பாத்திரம் தேய்க்கப் போகிற கூட்டம் ஆறு மணி பஸ்ஸில் நிற்கிறது. இதைப் படிக்கிற மாணவர்கள், இயக்கத் தோழர்கள் தங்கள் தெருவில் ஒருத்தரையாவது வாரியத்தில் பதிவு செய்து கொடுங்கள். அந்த மனுவில் பேர் எழுத வேண்டும், வேலை எழுத வேண்டும், போட்டோவும் ஒட்ட வேண்டும்.