தபாலில் வந்த கல்வெட்டு

எங்க ஊர் கூரம். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். வைணவர்களைக் கேட்டால் ராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்பார்கள். வரலாறு படித்தவர்களைக் கேட்டால் கூரம் செப்பேடு என்பார்கள். சிற்பம் தெரிந்தவர்கள் கூரம் நடராசர் என்பார்கள். பல்லவர் காலத்து அந்தச் செப்புத் திருமேனி இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மூன்றையும் நான் தெரிந்துகொண்டது எங்க ஊரில் அல்ல, தபாலில் வந்த பாடப் புத்தகத்தில். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருப்பது ஒரு ரோடுதான். அந்த ரோட்டைத் தாண்டி இந்தச் செய்தி என் கைக்கு வர ஒரு பல்கலைக்கழகமும் அஞ்சல் துறையும் வேண்டியிருந்தது.

என் கதையை அக்காவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். நைனா வாங்கின முன்பணத்துக்காக அவள் எட்டு வயசில் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்குப் போனாள். கோர்வைச் சேலைக்கு உடல் வேறு நிறம், கரை வேறு நிறம். ஒரு ஆள் நெய்து முடியாது. கரை நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு ஓரத்தில் சின்னக் கை ஒன்று வேண்டும். 1990-களில் அந்தச் சின்னக் கைகள் எத்தனையோ. அதில் ஒன்று அக்காவுடையது. அவள் தறியில் உட்கார்ந்ததால் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். 2005-ஐ ஒட்டி காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பாரம்பரியம் என்றார்கள். கோர்வையைப் பற்றி அழகழகாக எழுதினார்கள். அக்கா விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அழகு.

பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே எம்.ஏ. தமிழை அஞ்சல் வழியில் படித்தேன். பிறகு கல்வெட்டியல் பட்டயம், அதுவும் அஞ்சல் வழியில். "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு உதட்டைச் சுழிப்பவர்களை எனக்கு நிறையத் தெரியும். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலையும் சென்னையும் பிறகு வந்தன. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. எங்க இயக்கத்தில் பட்டம் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இந்த வாசலில் நுழைந்தவர்களாக இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பஸ் கண்டக்டர், நர்ஸ், அங்கன்வாடி ஆயா, ஒரு போலீஸ்காரர். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்கும்போது யாரும் யாரையும் "எந்த ஊர், எந்தத் தெரு" என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் மாலை பஸ்ஸைப் பிடிக்கிற கவலை.

பட்டயப் பாடத்தில் பல்லவர் காலத்துக்குப் பொற்காலம் என்று பெயர். எங்க ஊரைப் பற்றி நாலு வரி இருந்தது. நாலு வரி போதாது என்று தேடிப் போனேன். ஹுல்ட்ஷ் என்கிற ஜெர்மானியர் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் கூரம் செப்பேடு மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் இருக்கிறது. கிரந்தத்தில் சமஸ்கிருதம், பிறகு தமிழ். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் லட்சக்கணக்கான படையோடு வந்து, கடைசியில் ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று அதில் எழுதியிருக்கிறது. அரசவைப் புலவர்களுக்குக் கிண்டலும் வரும் போல.

எனக்கு முக்கியமாகப் பட்டது யுத்தம் இல்லை, பங்கு. கூரத்தில் நான்கு வேதமும் ஓதும் 108 குடும்பங்கள் இருந்தன. வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று ஒரு சிவன் கோயில் கட்டினார்கள். பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை இருபத்தைந்து பங்காகப் பிரித்தார்கள். கோயில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும் மூன்று பங்கு. மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைப்பவருக்கு ஒரு பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு ஒரு பங்கு. மிச்சம் இருபது பங்கும் நான்கு வேதம் அறிந்த இருபது பார்ப்பனர்களுக்கு. பரமேசுவர தடாகம் என்று ஒரு ஏரி. அதற்குப் பாலாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரப் பெரும்பிடுகு என்று ஒரு வாய்க்கால்.

இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கூட்டிப் பார்த்தாள். "இருபது, மூணு, ஒண்ணு, ஒண்ணு. இருபத்தஞ்சும் தீந்துபோச்சே. அப்ப அந்த வாய்க்கால வெட்னவனுக்கு?" என்றாள். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத அவள் கேட்ட இந்தக் கேள்வியைப் பாடப் புத்தகம் கேட்கவில்லை. வேதம் ஓதியவன் இருக்கிறான், பாரதம் படித்தவன் இருக்கிறான், நெருப்பு வைத்தவனுக்குக்கூட இடம் இருக்கிறது. மண் சுமந்தவனுக்கு ஏட்டில் வரி இல்லை.

கல்வெட்டில் நாம் எங்குமே இல்லை என்று சொல்ல முடியாது. முந்நூறு ஆண்டு கழித்து, தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் கல்வெட்டில் வந்துவிடுகிறோம். வரி இல்லாத நிலங்களைப் பட்டியல் போடும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு, கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று எழுதியிருக்கிறார்கள். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தச் சொற்களை எடுத்து வைத்து விவாதித்திருக்கிறார்கள். நான் அந்தச் சொல்லை முதன்முதலில் அச்சில் பார்த்த ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள் நம் விலாசத்தை.

கல்வெட்டைப் படி எடுப்பது எப்படி என்று பாடத்தில் இரண்டு பக்கம் உண்டு. கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்படி பிரஷ்ஷால் தட்ட வேண்டும். பிறகு துணிப் பொட்டணத்தால் மையை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். கல்வெட்டுகள் பெரும்பாலும் கருவறையைச் சுற்றிய அதிட்டானத்தில்தான் இருக்கின்றன. ஆக, கல்வெட்டுப் படிப்பு என்பது கோயிலுக்குள் போய்க் கல்லைத் தொடுகிற படிப்பு. பக்கத்தில் ஒரு ஊர்க் கோயிலுக்கு (பெயர் வேண்டாம்) நோட்டுப் புத்தகத்தோடு போனேன். தொடக்கூட இல்லை, உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து, "நீ எந்தத் தெரும்மா?" என்றார். சொன்னேன். "வெளிய நின்னு போட்டோ புடிச்சிக்க, போதும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பழக்கம் இருந்தது. சட்டத்தைப் பற்றி நான் பேசினேன், அவர் போய்விட்டார், ஆனால் அன்றைக்கு அந்த வரியைப் படித்து முடிக்க மனசு ஓடவில்லை. தொலைதூரக் கல்வி என்று எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தையும் சேர்த்துப் பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்க்கையையும் முழுதாக ஆராய்ந்து எழுதியவர் ஒரு பெண். காஞ்சிபுரத்துப் பல்லவர்களைப் பற்றி எழுதுகிற எவரும் கடம்பி மீனாட்சியைத் தாண்டிப் போக முடியாது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1940-லேயே இறந்துவிட்டார், வயது நாற்பதுகூட ஆகவில்லை. கோயில் கோயிலாகப் போனார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படி அலைந்ததற்கு நான் தலை வணங்குகிறேன். கூடவே, "எந்தத் தெரு" என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

எனக்கும் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய ஆசை வந்தது. தலைப்பு என்னிடம் இருந்தது. எங்க தாத்தா நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பதும் அடைப்பதும், எந்தக் கழனிக்கு எத்தனை நாழி தண்ணீர் என்று பார்த்துப் பாய்ச்சுவதும், கரை உடைந்தால் ராத்திரியில் ஓடுவதும் அவர் வேலை. அறுவடையில் களத்தில் கொஞ்சம் நெல் கிடைக்கும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். தண்ணீரைப் பங்கு போடத் தெரிந்தவனுக்கு அந்தத் தண்ணீர் பாயும் நிலத்தில் பங்கில்லை. தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில் ஏரி, வாய்க்கால், ஏரி வாரியம் என்று வருகிற எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து, இன்னொரு பக்கம் நீர்க்கட்டிகள் சொல்லும் மதகுப் பெயர், கழனிப் பெயர், அளவு, கணக்கு எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். இதுதான் என் ஆய்வு.

ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். தலைப்பைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெகுலரா சேர முடியுமாம்மா?" என்றார். அங்கேதான் கதவு. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட விதியின்படி எம்.ஃபில்., பி.எச்.டி. இரண்டையும் தொலைநிலைக் கல்வியில் நடத்தக் கூடாது. அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் அஞ்சலில் எம்.ஃபில். பட்டம் மூட்டை மூட்டையாக வழங்கியதும், ஆய்வேடு எழுதிக்கொடுக்கக் கடைகள் இருந்ததும் உண்மை. விதியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடையை மூடுகிறேன் என்று வாசலையும் மூடிவிட்டார்கள். 2022 விதி எம்.ஃபில்லையே எடுத்துவிட்டது. பி.எச்.டி.யைப் பகுதி நேரமாகச் செய்யலாம், ஆனால் வேலை கொடுத்தவரிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பாடத் தேர்வுக்கான வகுப்புகளில் உட்கார வேண்டும். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. தாளாளரிடம் சான்று கேட்டேன். "எம்.ஏ. போதாதாம்மா? நீ டாக்டராயிட்டா நான் சம்பளத்துக்கு எங்க போவேன்?" என்று சிரித்தார். அந்தத் தாள் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.

முழு நேரமாகச் சேர்ந்தால்? பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கு 2005-06-இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய தேசிய உதவித்தொகை இருக்கிறது. அது முழு நேர ஆய்வாளருக்கு மட்டும். போட்டியில் கிடைத்தால் கிடைத்தது. கிடைக்கும் வரைக்கும், கிடைத்த பிறகு பணம் வந்து சேரும் வரைக்கும் வீட்டு அடுப்பு எதில் எரியும்? பாரதம் படிப்பவனுக்கு ஒரு பங்கு நிலம் எழுதிக்கொடுத்த ஊர் இது. படிப்பு என்றால் படிப்பவன் வயிற்றுக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு என்று ஏழாம் நூற்றாண்டு ராசாவுக்குத் தெரிந்திருக்கிறது.

பணத்தைவிட இன்னொன்று என்னை உறுத்துகிறது. முழு நேரம் என்றால் ஊரை விட்டுப் போய் ஒரு துறையில் கையெழுத்துப் போட்டு உட்கார வேண்டும். என் ஆவணமோ இங்கே இருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. தாத்தாவோடு மதகு திறந்தவர்களில் எங்க தெருவில் மிச்சம் ஒருவர்தான். எண்பதைத் தாண்டிவிட்டார். கல் காத்திருக்கும், மனுசன் காத்திருப்பானா? இத்தனை நாள் தொலைவில் இருந்தது பல்கலைக்கழகம். இப்போது அருகில் வா என்று என்னைக் கூப்பிட்டு, என் ஆய்வைத் தொலைவில் வைக்கச் சொல்கிறார்கள்.

அம்பேத்கரை நினைத்துக்கொள்வேன். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்து லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். நாலு வருஷத்துக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். கப்பலில் தனியாக அனுப்பிய புத்தகங்கள் கடலில் போயின. வேலை பார்த்து, காசு சேர்த்து, 1920-இல் மறுபடி போனார். 1923-இல் டி.எஸ்ஸி. வாங்கினார். விட்ட இடத்தில் தொடர ஒரு அயல்நாட்டுக் கல்லூரி இடம் வைத்திருந்தது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. வகுப்பை ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையிலும் வையுங்கள். நெறியாளர் மாதம் ஒரு முறை பார்க்கட்டும், வேண்டுமானால் கூரத்துக்கே வந்து பார்க்கட்டும். ஆய்வேட்டை எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் திருத்தட்டும். வாய்மொழித் தேர்வை எங்க ஏரிக்கரையில் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

அதுவரைக்கும் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெரியவரோடு ஏரிக்கரையில் நடக்கிறேன். அக்காவும் வருகிறாள், அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் எழுதிக்கொண்டே வருகிறேன். கல்வெட்டு பழகின கண்ணுக்குக் கழனிப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு சாசனம் மாதிரித் தெரிகிறது. போன வாரம் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் என் நோட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இத எழுதிக் குடுத்தா உனக்குப் பட்டம் குடுப்பானுங்களா?"

"தெரியல தாத்தா. இன்னும் சேத்துக்கவே இல்ல."

"சேத்துக்காமயே எழுதறியா?" கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "சரி, எழுதிக்க. இந்த மதகு தெறந்தா மொதல்ல எது நனையும் தெரியுமா?"

பேனாவைத் திறந்தேன்.