இரும்பும் குத்துவிளக்கும்

ஊரிலிருந்து தமையனாரின் கடிதம் வந்து ஒரு திங்கள் ஆயிற்று. பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டை விற்றுவிடலாம், கையொப்பமிட்டு அனுப்புக என எழுதியிருந்தார். நாகபுரியில் இரயில்வே பார்சல் எழுத்தராகப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட எமக்கு அவ்வீட்டால் பயன் ஏதுமில்லை. ஆயினும் பேனா ஓடவில்லை. அந்நாட்களில்தான் பண்டைக் கிரேக்கரின் குடியேற்ற நகரங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

இன்றைய துருக்கியின் மேலைக் கரையில் போக்கேயா என்றொரு கிரேக்கத் துறைமுகம் இருந்தது. அவ்வூரார் கி.மு. 600-ஐ ஒட்டிப் பிரான்சின் தென்கரையில் மஸ்ஸாலியா என்னும் நகரை நிறுவினர். அதுவே இன்றைய மார்சேல். தாய்நகரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துச் சென்று புதிய ஊரில் வளர்ப்பது கிரேக்கக் குடியேறிகளின் வழக்கம்.

கி.மு. 545 அளவில் பாரசீகப் படை போக்கேயாவை முற்றுகையிட்டது. அடிமைப்பட விரும்பாத அவ்வூரார் பெண்டு பிள்ளைகளோடும் தெய்வ உருவங்களோடும் கப்பலேறினர். இரும்புக் கட்டி ஒன்றைக் கடலில் அமிழ்த்தி, அது மேலே மிதந்து வரும்வரை திரும்புவதில்லை என்று சூளுரைத்தனர். ஆனால் கார்சிகாத் தீவை நோக்கிப் புறப்பட்டதுமே, பாதிக்கு மேற்பட்டோர் ஊர் நினைவு தாளாமல் சூளை முறித்துத் திரும்பிவிட்டனர் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹீரோடோட்டஸ்.

இதனை எம் இல்லாளிடம் கூறினோம். “இரும்பு மிதக்காதென்று அறியாதவர்களா? அறிந்துதான் அழுதிருப்பார்கள்” என்றாள்.

முன்பே மேற்கே சென்ற கிளையோ வேரூன்றியது. மஸ்ஸாலியா கி.மு. 49-இல் சீசரின் படைக்குப் பணிந்தது. அதன் பின்னரும் கிரேக்கக் கல்வி பெற உரோமர் அங்கு வந்தனர். 1993-இல் அதன் பழைய துறைமுகத்தருகே அகழ்ந்தபோது, பலகைகளை நூலால் தைத்துச் செய்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் படகு கிடைத்தது. இன்றும் பிரெஞ்சு மக்கள் மார்சேலைப் ‘போக்கேயர் நகரம்’ என்று அழைக்கின்றனர்.

கையொப்பமிட்டு அனுப்பினோம். பாட்டியாரின் குத்துவிளக்கு ஒன்றை மட்டும் கேட்டோம். சென்ற வெள்ளியன்று அது இரயிலில் வந்தது. நாள்தோறும் பிறர் பொதிகளுக்குச் சீட்டெழுதும் யாம், அன்று எம் பொதியைப் பெற்றுக்கொண்டோம்.

மகள் புளியிட்டுத் துலக்கினாள். விளக்கின் அடியில் வெட்டியிருந்த பாட்டியாரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மூன்றாம் எழுத்தில் நின்றுவிட்டாள்.

வரும் ஞாயிறு முதல் சங்கத்தின் தமிழ் வகுப்பிற்கு அவளை அழைத்து வருகிறோம்.