ஓஸ் போகும் வழி

பூனா கேம்பில், பூல்கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பட்டறை. இருபத்தாறு வருஷமாக அங்கேதான் பானெட்டுக்கு அடியில் நிற்கிறேன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்து வேலையாக இங்கே வந்தவர். வீட்டில் தமிழ், பட்டறையில் இந்தி, வண்டிக்காரர்களிடம் மராத்தி என்று வளர்ந்தவன் நான். எனக்குத் தொழில் கொடுத்தவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட்டேன். அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. டர்போ வண்டிக்குக் கேட்ச் கேன் மாட்டக் குனியும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். வேலை பழக வரும் தம்பிகள் இப்போது முதல் வாரமே இந்தக் கேனைப் பற்றிக் கேட்பதால் எழுதுகிறேன்.

எந்த இன்ஜினிலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். டர்போவில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், இறங்குவதும் அதிகம். அது எண்ணெய்த் துளியையும் நீராவியையும் சுமந்துகொண்டு பிரீதர் வழியாக மேலே வரும். அதை இன்ஜினே இன்டேக் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 2004இல் வந்த ஆக்டேவியா விஆர்எஸ்ஸின் 1.8 டர்போவில் இன்ஜெக்டர் இன்டேக் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைத் தெளிக்கும். வால்வின் முதுகு தானாகக் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். 2013இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ நம் சாக்கன் தொழிற்சாலையில் செய்த வண்டி. 1.2 லிட்டர், 105 குதிரைச் சக்தி. அதில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வைக் கழுவ ஆள் இல்லை. எண்ணெய் அதன்மேல் படிந்து வெந்து கரியாகிறது. ஓடிய வண்டி ஒன்றின் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பாருங்கள், அடிப்பிடித்த பால் பாத்திரம்போல் இருக்கும். அந்த எண்ணெயை வழியிலேயே பிடித்து வைப்பதுதான் கேனின் வேலை.

வேலை சின்னது என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். ஒரு கேன், இரண்டு ஓஸ், நாலு கிளிப். ஒரு விஆர்எஸ்ஸுக்கு உஸ்தாத் இல்லாத நாளில் மாட்டினேன். மேனிஃபோல்டுக்குப் போகும் பழைய ஓஸைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது ஓஸில் கேனை இணைத்தேன். ஐடிலில் நன்றாக ஓடியது. ஓட்டிப் பார்க்க ஹடப்சர் தாண்டி திவே காட் ஏற்றத்துக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பானெட் இடுக்கிலிருந்து நீலப் புகை. நிறுத்தித் திறந்தால் டிப்ஸ்டிக் ஒரு விரல் நீளம் மேலே எழும்பி நிற்கிறது, சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின்மேல் எண்ணெய் பொரிகிறது. தீப்பிடித்திருக்க வேண்டியது. இன்றைக்கும் அந்த வளைவைக் கடக்கும்போது வயிறு கலங்கும்.

உஸ்தாத் திட்டவில்லை. குப்பைக்கூடையிலிருந்து நான் எறிந்த பழைய ஓஸை எடுத்து வரச் சொன்னார். துடைத்து என் கையில் கொடுத்து, "ஊது பேட்டா" என்றார். ஒரு பக்கம் ஊதினேன், காற்று போனது. திருப்பிப் பிடித்து ஊதச் சொன்னார். கன்னம் புடைத்ததே தவிர இம்மியும் நகரவில்லை. ஓஸுக்குள்ளேயே ஒன்வே வால்வு உட்கார்ந்திருக்கிறது. ஐடிலில் மேனிஃபோல்டில் வேக்கம், அப்போது அது திறந்து கிராங்க் கேஸ் வாயுவை இழுக்கும். பூஸ்ட் ஏறியதும் மேனிஃபோல்டில் அழுத்தம், அப்போது மூடிக்கொள்ளும். வாயு டேப்பெட் கவரின் இன்னொரு பிரீதர் வழியாக டர்போவின் வாய்க்குப் போகும். வால்வை எறிந்ததால் டர்போ தள்ளிய காற்று முழுவதும் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து வண்டியில் இருந்து கழற்றும் ஒவ்வொரு ஓஸையும் நுனியைத் துடைத்து இரண்டு பக்கமும் ஊதிப் பார்த்த பிறகுதான் பெஞ்சில் வைக்கிறேன்.

வழி இரண்டு என்பதால் எந்த வழியில் கேன் என்ற கேள்வி வரும். பாதி பேர் மேனிஃபோல்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கண்டாலா காட் ஏறும் வண்டி, எக்ஸ்பிரஸ்வேயில் விரட்டும் வண்டி என்றால் டர்போ பக்கமும் வேண்டும். இல்லாவிட்டால் இன்டர்கூலருக்குள் எண்ணெய் தேங்கும்.

ஓஸ் வாங்க நானா பேட் போனால் கையில் கிடைத்த ரேடியேட்டர் ஓஸைக் கொடுத்துவிடுவார்கள். வாங்காதீர்கள். தண்ணீருக்குச் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பும், சில மாதத்தில் உள்சுவர் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஓஸ் கேளுங்கள். வேக்கத்தில் உள்ளே ஒடுங்காத கனமும் இருக்க வேண்டும். கூரான பிளேடால் ஒரே வெட்டு. ஹேக்ஸா போட்டால் ரப்பர் தூள் உள்ளே நிற்கும். அது நேரே டர்போவுக்குப் போகும். ஓஸ் இன்ஜினிலிருந்து கேனை நோக்கி இறங்கியே வர வேண்டும். நடுவில் தொட்டில்போல் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கி வாயுவை மறிக்கும்.

கேனையும் திறந்து பார்த்துத்தான் மாட்ட வேண்டும். மலிவில் வருவது பலதும் வெறும் டப்பா, ஒரு வாயில் நுழைந்த வாயு மறு வாயில் அப்படியே வெளியேறும். உள்ளே தடுப்புத் தகடும் வலையும் இருந்தால்தான் துளி ஒட்டிச் சொட்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இழை இழையாக உதிரும். ஓர் இழை டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்தில் பட்டால் போதும். ஸ்டெயின்லெஸ் வலையைச் சுருட்டி, மேலும் கீழும் துளைத் தகடு வைத்து அடக்குவது உஸ்தாதின் முறை. நானும் அதையே செய்கிறேன்.

கேனை எக்ஸாஸ்டிலிருந்து எட்ட, பாடியில் திடமான பிராக்கெட்டில் மாட்டுங்கள். சூடு பட்டால் ஆவி எண்ணெயாக இறங்காது. வெளிக்காற்றில் திறந்துவிடும் கேனை நான் மாட்டுவதில்லை. அந்தப் புகையைக் கேம்பின் சந்துகளில் நடக்கிற பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும். காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் கணக்கும் தப்பி ஐடில் தள்ளாடும்.

கேனில் சேர்வதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். டிசம்பரில் ஒரு பார்ஸிப் பெரியவர் வண்டி வந்தது. ஈஸ்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போய்ச் சாமான் வாங்கித் திரும்புவதோடு சரி, இன்ஜின் ஒருநாளும் முழுதாகச் சூடேறாது. கேனில் மோர்போல் வெளுத்த திரவம். கேஸ்கெட் போய்விட்டது என்று பையன்கள் பதறினார்கள். கூலன்ட் மட்டம் குறையவில்லை, இன்ஜின் எண்ணெய் தெளிவாக இருந்தது. குளிரில் நீராவி படிந்து எண்ணெயோடு கலந்தது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை சாஸ்வட் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். அடுத்த முறை கரும் எண்ணெய் மட்டும் கொஞ்சம் இருந்தது. வடித்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் விடாதீர்கள். கழிவு எண்ணெய் எடுக்கிறவரிடம் கொடுங்கள்.

கேன் கேட்டு வருகிற வண்டியில் நான் முதலில் செய்வது இது. இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின்மேல் மெல்லிய காகிதம் ஒன்றை வைப்பேன். நல்ல பெட்ரோல் இன்ஜின் அதை லேசாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காகிதம் துடித்துப் பறந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், கிராங்க் கேஸ் வாயுவை இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வு அடைத்திருக்கலாம். கம்ப்ரஷன் பார்த்து அதைச் சரிசெய்யாமல் கேன் மாட்ட மாட்டேன். டீசலில் இந்தச் சோதனை உதவாது, அதில் இழுக்கும் வேக்கம் இல்லை. கேன் மாட்டி முடித்ததும் அதே காகிதத்தை மறுபடி வைப்பேன். முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் எங்கோ ஓஸ் மடிந்திருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் வண்டியை ஒருமுறை வரச் சொல்லி, உங்கள் கையால் கேனைத் திறந்து பாருங்கள்.