நாங்கள் சென்ற திருயாத்திரை
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

அக்டோபர் மாதம் ஜெபமாலை மாதமல்லவா? காலாண்டு விடுமுறையில் வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை என்று மதர் காலை வழிபாட்டில் அறிவித்ததும் எங்களுக்கு உண்டான உவகையை எழுத்தில் வடிக்க இயலாது. பெற்றோரிடம் கையொப்பம் வாங்குவது ஒரு போராட்டம், பணம் வாங்குவது மற்றொரு போராட்டம். இரண்டிலும் வென்றவர்கள் நாற்பத்திரண்டு பேர். கைப்பேசி எவரும் கொண்டுவரக் கூடாது என்பது சிஸ்டரின் கட்டளை. அதனால்தானோ என்னவோ, அந்த மூன்று நாட்களும் எங்கள் நினைவில் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்கின்றன.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே பள்ளிச் சிற்றாலயத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை வைத்தார்கள். நீலத்தாள் ஒட்டி, மேலே உண்டியலைப் போல் ஒரு துளை வெட்டியிருந்தது. மாதாவுக்கு விண்ணப்பம் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளும் போட்டார்கள். சத்துணவு ஆயாவும் போட்டார்கள். அந்த டப்பாவைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு, பேருந்தின் கடைசி இருக்கையில் ஐந்து பேர் இடத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்த எங்கள் ஆறு பேருக்குக் கிடைத்தது. "பெரிய பிள்ளைகள், பொறுப்பானவர்கள்" என்று சிஸ்டர் எங்களைக் குறிப்பிட்டதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு மதுரையிலிருந்து ஜெபமாலையுடன் புறப்பட்டோம். முதலில் இடைக்காட்டூர். வயல்களுக்கு நடுவே பிரான்சு நாட்டுக் கோயில் ஒன்று எழுந்து நின்றால் எப்படி இருக்கும்! 1894-ஆம் ஆண்டு பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுக் குருவானவர், தம் நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டிய திரு இருதய ஆலயம் அது. அங்கே காலைப் பூசை கண்டு, இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தோம்.

அடுத்தது ஓரியூர். புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய மண். லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்தவர். சிறுவயதில் கடும் நோயில் விழுந்தபோது அவருடைய தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு, பிழைத்த பிள்ளைக்கு ஓராண்டு காலம் சேசு சபையாரின் அங்கியை உடுத்திவிட்டாராம். பின்னாளில் மறவ நாட்டில் காவியுடுத்தி, புலால் நீக்கி வேதம் போதித்தார். நாடு கடத்தப்பட்டுப் போர்த்துக்கல் சென்றபோது, அரசர் தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கச் சொல்லியும் கேளாமல் மறுபடியும் இங்கேயே வந்துவிட்டார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள், விபூதிப் புதன் அன்று, இவ்விடத்தில் தலை வெட்டப்பட்டார். 1947-இல் புனிதர் பட்டம் பெற்றார். அங்கே மண் சிவந்திருக்கிறது; அவர் இரத்தத்தால் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. நோயாளிகளுக்காக அந்த மண்ணை எடுத்துச் செல்கிறார்கள். எங்களில் ஒருத்தி ஜியாமெட்ரி பெட்டியைக் காலி செய்து அது நிறைய அள்ளிக்கொண்டாள். காம்பஸ் இன்றுவரை சரியாகத் திறப்பதில்லை.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. மீமிசல், கட்டுமாவடி, அதிராம்பட்டினம் என்று தென்னந்தோப்புகளும் உப்பளங்களும் ஓடி மறைந்தன. முத்துப்பேட்டை தாண்டியபோது இருட்டிவிட்டது. திடீரென்று பெருஞ்சத்தம், ஒரு குலுக்கல். டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை! டிரைவர் அண்ணன் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் சக்கரத்தை வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் சாலையோரத்தில் நின்றோம். சிறியவர்கள் உறங்கிவிட்டார்கள்.

குலுங்கிய வேகத்தில் டப்பா கீழே விழுந்து மூடி திறந்துகொண்டது. இது உண்மை. சீட்டுகள் சிதறின. இதுவும் உண்மை. டார்ச் விளக்கைப் பிடித்துப் பொறுக்கினோம். பொறுக்கும்போது எழுத்து கண்ணில் பட்டது என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஆனால் மடித்திருந்த சீட்டுகளைப் பிரித்தது எங்கள் விரல்கள்தாம். நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்டிருந்தது. கணக்கு டீச்சருக்குத் தேர்வன்று மட்டும் லேசான காய்ச்சல் வேண்டும் என்று இன்னொன்று. (பெயரில்லாத சீட்டுகள் ஆதலால் இவ்விரண்டையும் எழுதலாம் என்று நினைக்கிறோம்.) வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று என்று கை நீண்டது.

அப்போது ஒரு சீட்டு வந்தது. பெயர் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். ஒவ்வொருத்தியும் அவளுடைய அறிவியல் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவோம். மூன்று வரிசைக்கு முன்னால் ஜன்னலில் தலை சாய்த்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆண்டுவிழாவுக்கோ ஆசிரியர் தினத்துக்கோ வகுப்பில் பணம் பிரித்தால் கொடுக்கமாட்டாள். அதனால் நாங்கள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. சீட்டில் நான்கு வரிகள் இருந்தன. அவள் வீட்டைப் பற்றியவை. தனக்கென்று அவள் எதையும் கேட்கவில்லை. அதற்குமேல் அதில் இருந்ததை எழுதமாட்டோம்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் மடித்து டப்பாவில் போட்டு மூடினோம். பேருந்து கிளம்பியபின் அவள் எழுந்து வந்து, தன் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை எங்களுக்கும் ஒவ்வொரு கைப்பிடி கொடுத்தாள். அதை விழுங்கியது போன்ற கஷ்டம் வேறில்லை.

வேளாங்கண்ணியை அடைந்தபோது மணி பத்தரை. மறுநாள் ஞாயிறு. கொடிகளும் மெழுகுவர்த்திகளும் மொட்டையடித்த தலைகளுமாக ஒரே கூட்டம். காவி உடுத்தியவர்கள், தொட்டில் கட்டுகிறவர்கள், பிற மதத்தினர், பிற மொழியினர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8-ஆம் தேதி கரை சேர்ந்து, நன்றியாகச் சிற்றாலயம் எழுப்பிய வரலாற்றைச் சிஸ்டர் விளக்கினார். அவர்கள் அளித்த பீங்கான் தட்டுகள் இன்றும் பீடத்தில் உள்ளன. 1962-இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் பாப்பரசர் இதைப் பேராலயமாக உயர்த்தினார். 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலரை இதே கடல் கொண்டுபோனது. எங்களில் ஒருவரும் அப்போது பிறக்கவில்லை. கடற்கரையில் கால் நனைக்கும்போது சிறியவர்கள்கூடச் சத்தம் போடாமல் இருந்தார்கள்.

டப்பாவை மாதாவின் பாதத்தில் வைக்க எங்களை அழைத்தபோது கால் எழவில்லை. சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். யாருடைய சீட்டு என்று மட்டும் சொல்லவில்லை. சிஸ்டர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "என்னிடம் சொல்லி என்ன பிள்ளைகளா? நான் அந்தச் சீட்டை எழுதவில்லையே" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் தாமே வாங்கிக்கொண்டு போனார்.

பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குச் செல்லும் மணற்பாதையில் பக்தர்கள் முழந்தாளால் நடந்துசெல்வது வழக்கம். அவள் அதில் போய்க்கொண்டிருந்தாள். நாங்களும் பின்னால் மண்டியிட்டோம். பாதி வழியில் எங்களில் இருவர் எழுந்துவிட்டார்கள்; முட்டி தேய்ந்து எரிந்தது. அவள் எழவில்லை. பால்காரச் சிறுவனுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் குளத்தருகே அவள் எழுந்து பாவாடை மணலைத் தட்டியபோது, ஆறு பேரும் சுற்றி நின்று சொன்னோம். யார் முதலில் வாய் திறந்தது என்று இப்போதும் நினைவில்லை.

அவள் ஒன்றும் பேசவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பூண்டி மாதா கோயில், கொள்ளிடத்துக்கு அப்பால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் என்று சென்றோம். இரண்டும் வீரமாமுனிவரோடு தொடர்புடையவை. 'தேம்பாவணி' பாடிய அப்புலவர் நடமாடிய இடத்தில் நிற்கிறோம் என்று தமிழம்மா மெய்சிலிர்த்துப் பேசினார்கள். நாங்கள் கவனித்தது அவள் எங்கே நிற்கிறாள் என்பதைத்தான். நாங்கள் இடப்பக்கம் போனால் அவள் வலப்பக்கம் போனாள்.

திருச்சி தாண்டி விராலிமலை வந்திருக்கும். சிறியவர்கள் பாட்டுப் பாடி ஓய்ந்த நேரம். அவள் எழுந்து கடைசி இருக்கைக்கு வந்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு பேரும் படிச்சீங்கல்ல?"

"ஆமா."

"அப்ப ஆறு பேரும் வேண்டிக்கணும். தினமும். சும்மா ஒரு நாள் இல்ல."

சொல்லிவிட்டு, "தள்ளுங்கடி" என்று ஐந்து பேர் இருக்கையில் ஏழாவது ஆளாக உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் சிற்றாலயத்தில் ஏழு பேரும் ஒரு பத்து மணி ஜெபிக்கிறோம். அவள் கேட்டது இதுவரை கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையை மலருக்குக் கொடுப்பதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தோம். இரண்டு வரிகளை அடித்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையையும் திருத்தித் திருப்பித் தந்தாள்.